மெஷினைத் திறக்கும் முன் பேப்பரைத் தொட்டுப் பாருங்கள்: ஏற்காட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை அனுபவம்

ஏற்காட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்கள், ஹோம்ஸ்டே வரவேற்பறையில் ஒரு பிரிண்டர் போட்டிருப்பவர்கள், எஸ்டேட் ஆபீஸில் பில் அடிப்பவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கும் பொருந்தும். நான் கடை போட்டபோது அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. கரன்ட் அடிக்கடி போகும், யுபிஎஸ் வாங்கு என்றார்கள். சீசன் முடிந்தால் ஈ ஓட்ட வேண்டும் என்றார்கள். குரங்கு உள்ளே வரும், கதவைத் திறந்து போட்டுவிட்டு டீக்குப் போகாதே என்றார்கள். பேப்பரை எங்கே வைக்கப் போகிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதில்தான் 40,000 ரூபாய்க்கு மேல் போனது.

அதற்கு முன் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். அங்கே பேப்பர் என்பது யோசிக்கவே வேண்டாத சாமான். மாடிப்படிக்குக் கீழே கிடக்கும், மேஜைக்கு அடியில் கால் வைத்துக்கொள்ள உதவும், பிரித்த கட்டு வாரக்கணக்கில் பிரித்தபடியே இருக்கும். எடுத்துப் போட்டால் ஓடும். கல்யாணமாகி மேலே ஏற்காட்டுக்கு வந்த பிறகு, இங்கே ஒண்டிக்கடை என்ற இடத்துப் பக்கம் ஒரு சின்ன அறை வாடகைக்குக் கிடைத்தது. ஒரு செகண்ட்ஹேண்ட் காப்பியர், ஒரு இங்க்ஜெட், ஒரு லேமினேஷன் மெஷின். பனிக்காலம் முடிந்து வெயில் வந்த சமயம். நாகலூர், செம்மநத்தம் பக்கமிருந்து ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்று, பட்டா சிட்டா நகல் எடுக்க வருவார்கள். மே மாதக் கோடை விழா முடியும்வரை மெஷின் ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை. அந்தத் தெம்பில்தான் மொத்தமாகப் பேப்பர் வாங்கினேன்.

பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், விலை ஏறும் என்று பேச்சு. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு மொத்தக் கடையில் 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம் எடை) ஏ4, ரீம் 235 ரூபாய்க்குத் தந்தார்கள். பெட்டிக்கு 10 ரீம் வீதம் 20 பெட்டி, 47,000 ரூபாய். ஒரு ரீம் என்பது 500 தாள், எடை 2.3 கிலோ சொச்சம். ஆக, அரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. குட்டி யானையில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, கடைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமில் இறக்கினோம். மலையை வெட்டிக் கட்டிய கட்டடம். அந்த அறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மண். சுவரோடு ஒட்டிச் சிமென்ட் தரையில் அடுக்கி வைத்துவிட்டு, வருஷத்துக்குக் கவலை இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஆரம்பித்தது. முதலில் தாள்கள் மேல்நோக்கிச் சுருண்டு வந்தன. சரி, பரவாயில்லை என்று கையால் நீவிக் கொடுத்தேன். அப்புறம் ஜாம். அதுவும் இரண்டு பக்கமும் எடுக்கும்போது முதல் பக்கம் நன்றாக வந்து, தாள் திரும்பி உள்ளே போகும்போது துருத்தி போல மடங்கிச் சிக்கிக்கொள்ளும். பிறகு எழுத்து மங்கியது. போட்டோவில் முடி இருக்கும் இடத்தில் திட்டுத்திட்டாக வெள்ளை. ஒரு நாள் காலையில் முதல் நகலை ஓட்டும்போது, தாள் வெளியே வரும் வாயிலிருந்து புகை வந்தது. பயந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். எரிந்த வாசனை ஏதும் இல்லை. வெளியே வந்த தாளைத் தொட்டால் வெதுவெதுப்பாக, துணி மாதிரி துவண்டு கிடந்தது. அது புகை இல்லை, நீராவி என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

சேலத்திலிருந்து சர்வீஸ்காரரை வரவழைத்தேன். மலை ஏறி வருவதற்குத் தனிச் சார்ஜ். பார்த்தார், டிரம், அதாவது டோனர் என்ற மைப் பொடியைத் தாளுக்குக் கடத்தும் உருளை, போய்விட்டது என்றார். 3,800 ரூபாய். மாற்றியதும் அவர் தன் பையில் கொண்டுவந்திருந்த புதுக் கட்டைப் பிரித்துப் போட்டு ஓட்டிக் காட்டினார். கண்ணாடி மாதிரி வந்தது. அவர் அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் பழையபடி ஆகிவிட்டது, ஏனென்றால் நான் என் பேப்பரைப் போட்டேன். அடுத்த முறை ஃப்யூசர் ஃபிலிம் என்றார், 2,400. ஃப்யூசர் என்பது டோனரைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் பகுதி. அதற்கு அடுத்து ட்ரேயிலிருந்து தாளை இழுக்கும் பிக்அப் ரோலர். அதோடு வந்துபோன செலவுகள் சேர்த்து 2,600. ஒவ்வொரு முறையும் அவர் கையில் ஒரு புதுக் கட்டு இருந்தது, ஒவ்வொரு முறையும் அது நன்றாக ஓடியது. இப்போது யோசித்தால் விடை எங்கள் இருவர் கண்முன்னே அந்தக் கட்டில்தான் இருந்திருக்கிறது. அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். மெஷினைப் படித்தவர், மெஷினைப் பார்த்தார். ஆனால் 8,800 ரூபாய் என் பையிலிருந்துதான் போனது.

பணத்தைவிட மனதை வருத்தியது ஒரு பள்ளிக்கூட ஆர்டர். வினாத்தாள் தொகுப்பு, இரண்டு பக்கமும் அச்சடித்து ஸ்பைரல் பைண்டிங் போட்டுத் தர வேண்டும். ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் விரலில் கறுப்பு மை ஒட்டுகிறது, பக்கத்தைத் திருப்பினால் எதிர்ப்பக்கத்தில் தேய்கிறது என்று புகார். போனில் பேசியவர் கோபப்படக்கூட இல்லை, “பரவாயில்லம்மா, நாங்க சேலத்துலயே அடிச்சுக்கறோம்” என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பேப்பர், டோனர், பைண்டிங் எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் அந்த ஒரு வேலையில் போனது. கடையை மூடிவிட்டுக் கீழே போய்விடலாமா என்று அந்த வாரம் வீட்டில் பேச்சு வந்தது.

விஷயத்தைப் பிடித்தவர் எங்கள் பழைய தெருவில் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கும் அண்ணா. குடும்பத்தோடு சேர்வராயன் கோயிலுக்கு வந்தவர் கடைக்கும் எட்டிப் பார்த்தார். நான் டிரம், ஃப்யூசர் என்று புலம்பிக்கொண்டிருக்க, அவர் மெஷின் பக்கமே போகவில்லை. ட்ரேயிலிருந்து ஒரு தாளை உருவி, ஒரு மூலையைப் பிடித்துக் காதருகே உதறினார். பிறகு தன் பையில் இருந்த ஏதோ பில்லை எடுத்து அதே மாதிரி உதறினார். பில் சடசடவென்றது. என் தாள் சத்தமே போடவில்லை. “ஏம்மா, இது பேப்பரா, வெத்தலையா? எங்க வெச்சிருக்க?” என்றார். ஸ்டோர் ரூமுக்குள் போய் ஒரு கட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்துக் குனிந்து பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார். நடுவில் தட்டையாக, நாலு ஓரமும் அலை அலையாக இருந்தது. ஓரம் ஈரம் குடித்தால் இப்படி அலையடிக்கும், ஓரம் காய்ந்துபோனால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஓரம் இறுகி நடு எழும்பும் என்றார். பிரஸ்காரர்களுக்கு இது அரிச்சுவடி. ஜெராக்ஸ்காரர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

அவர் சொன்னதையும் பிறகு நானாகத் தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். மில்லிலிருந்து வரும் காப்பியர் பேப்பரில் 4 முதல் 6 சதவீதம் ஈரம் இருக்கும், அது இருக்க வேண்டியதுதான். காகிதம் மர நாரோ கரும்புச் சக்கை நாரோ, எதில் செய்தாலும், காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். மூடுபனி வாசல்வரை வந்து நிற்கும் ஊரில் பிரித்துப் போட்டால் அந்த ஈரம் இரட்டிப்பாகிவிடும். நார் குடித்தால் பருக்கும், நீளவாக்கைவிட அகலவாக்கில் அதிகமாகப் பருக்கும், அதனால்தான் சுருளலும் அலையும். லேசர் பிரிண்டரிலும் காப்பியரிலும் டோனர் பொடி தாளுக்குத் தாவுவது மின்னூட்டத்தால். ஈரத் தாளில் அந்த மின்னூட்டம் நிற்காமல் கசிந்துவிடும். பொடி சரியாக ஒட்டாமல் திட்டுத்திட்டாக மங்கும். அதன் பிறகு தாள் ஃப்யூசருக்குள் போகிறது. அங்கே சூடு 180, 200 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்தச் சூட்டில் பாதி தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிட்டால் டோனர் உருகித் தாளில் பிடிப்பது எப்படி? பிள்ளைகள் விரலில் ஒட்டிய மை அதுதான். நான் பார்த்த புகையும் அதுதான்.

ஆக, முதலில் செய்ய வேண்டியது இது. பிரிண்ட் கெட்டால் சர்வீஸ்காரருக்குப் போன் போடும் முன், வேறு இடத்திலிருந்து புதுக் கட்டு ஒன்று கடன் வாங்கி, பிரித்த கையோடு பத்துத் தாள் ஓட்டிப் பாருங்கள். நன்றாக வந்தால் மெஷினில் ஒன்றும் இல்லை. இந்த ஒரு சோதனை எனக்குத் தெரிந்திருந்தால் டிரம்மும் ஃபிலிமும் அப்படியே இருந்திருக்கும்.

எப்படி வைப்பது என்பதைச் சொல்லித் தந்தவர் வேறொருவர். என் கணவர் வேலை செய்யும் எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கும் பெரியவர், பல வருஷமாகக் குடோன் சாவி அவரிடம்தான். நான் பேப்பர் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். “காப்பி மூட்டைய யாராச்சும் தரையில போடுவாங்களாம்மா?” என்று குடோனுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். மூட்டைகள் எல்லாம் மரப்பலகை மேடைமேல், சுவரிலிருந்து ஒரு ஆள் புகுந்து வரும் இடைவெளி விட்டு. தரையும் மண் அணைந்த சுவரும் மழைக்காலத்தில் வியர்க்கும், மூட்டைக்கு அடியில் காற்று ஓட வேண்டும் என்றார். அன்றைக்கே பழைய பலகைகளை வாங்கித் தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்தி மேடை போட்டேன். பெட்டிகளைப் பின்சுவரை விட்டு எடுத்து உள்சுவர்ப் பக்கம் மாற்றினேன், அதிலும் ஒரு சாண் இடைவெளி. பெட்டிமேல் பெட்டி ஐந்துக்கு மேல் அடுக்குவதில்லை, பாரத்தில் கீழே இருப்பது நசுங்கும். ரீமைப் புத்தகம் போல நிறுத்தி வைக்கக் கூடாது, வளைந்துவிடும். படுக்கவைத்துத்தான் அடுக்க வேண்டும்.

மேலுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் அதைக் குப்பையாக நினைக்கிறோம். ரீமைச் சுற்றியிருக்கும் தாளின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் வழுவழுவென்று ஒரு பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். ஈரத்தைத் தடுப்பது அதுதான். அது கிழியாமல் இருக்கும்வரை பேப்பருக்கு ஆபத்து குறைவு. என் லோடு இறக்கும்போது பையன்கள் பெட்டிகளைத் தூக்கிப் போட்டதில் பல உறைகள் மூலையில் கிழிந்திருந்தன. முதலில் கெட்டவை அவைதான். இறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், கிழிந்ததை உடனே டேப் ஒட்டி முதலில் செலவழியுங்கள். கடை பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று ரீம்களைப் பெட்டியிலிருந்து எடுத்து ஷெல்ஃபில் அடுக்குவதும் வேண்டாம். பெட்டியும் ஒரு கவசம்தான். பாதி எடுத்த கட்டை உறையோடு மடித்து டேப் ஒட்டி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிடுகிறேன்.

கீழே இருந்து வந்த பேப்பரை வந்த சூட்டோடு பிரிக்காதீர்கள். சேலத்தில் வெயில் கொளுத்தும், மேலே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும். மூடிய உறையோடு ஒரு முழு நாளாவது கடைக்குள் இருக்கட்டும். ஸ்டோர் ரூம் குளிரில் கிடந்த கட்டை மெஷின் ஓடிச் சூடாயிருக்கும் அறைக்குக் கொண்டுவந்து உடனே பிரிப்பது அதைவிட மோசம். குளிர்ந்த தாள்மேல் சூடான அறைக் காற்றின் ஈரம் படிந்துவிடும். இப்போது நாளைக்கு வேண்டியதை இன்று மாலையே மெஷின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன்.

இரவில் ட்ரேயில் பேப்பர் விடுவதில்லை. சேலத்தில் யாரும் இதைச் செய்ய மாட்டார்கள், தேவையும் இல்லை. இங்கே மழைக்காலத்தில் காலையில் எடுக்கும் முதல் ஐம்பது தாள்தான் ஜாமுக்குப் பிறந்தவை. கடை சாத்தும்போது ட்ரேயைக் காலி செய்து டப்பாவில் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இன்னொன்று, பல காப்பியர்களில் பேப்பர் ட்ரேக்கு அடியில் ஈரம் போக்கும் சின்ன ஹீட்டர் வைக்க வசதி உண்டு. சிலவற்றில் ஹீட்டரே உள்ளே இருக்கும், ஸ்விட்ச் மட்டும் ஆஃபில் கிடக்கும். என்னுடையதில் அப்படித்தான் கிடந்தது. சர்வீஸ்காரரிடம் கேட்டால், “கீழ யாருக்கும் தேவைப்படாதுங்க, அதான் போடல” என்றார். அது வேலை செய்ய வேண்டுமானால் மெஷினின் மெயின் பிளக் இரவிலும் செருகியபடி இருக்க வேண்டும். உங்கள் மாடலில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

காற்றின் ஈரத்தை அளக்க சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் கிடைக்கிறது. பேப்பருக்கு 40 முதல் 60 சதவீதம் நல்லது. நான் வாங்கி ஸ்டோர் ரூமில் வைத்த அன்று 88 காட்டியது. மீட்டர் வாங்காதவர்கள் சமையலறை உப்பு ஜாடியைப் பார்க்கலாம். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு கசிந்து நீர் விடும். உப்பு கசியும் வீட்டில் பேப்பரைப் பிரித்து வைக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அரிசியைத் துணியில் கட்டிப் போடு என்று சிலர் சொன்னார்கள். செய்து பார்த்தேன், மீட்டர் முள்ளளவும் இறங்கவில்லை, அரிசிதான் வீண். நாப்தலின் உருண்டை பூச்சிக்கு, ஈரத்துக்கு இல்லை. சிலிக்கா ஜெல் வேலை செய்கிறது, ஆனால் மூடிய டப்பாவுக்குள் மட்டும். திறந்த அறையில் போட்டால் ஏற்காட்டு மேகத்தையே உறிஞ்சச் சொல்வது மாதிரி. நிறம் மாறும் ரகம் வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். நீல நிறத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு நிற மணிகளே மேல். எதுவானாலும் சமையல் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்காதீர்கள்.

எனக்குக் கைகொடுத்தது பல்பு பீரோ. பழைய இரும்பு பீரோ ஒன்றில் கீழ்த்தட்டில் 15 வாட் குண்டு பல்பு, அதைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு. அந்தத் தட்டில் பேப்பரே வைப்பதில்லை. மேல்தட்டுகளில் ரீம்கள். பல்பின் சூட்டில் உள்ளே மீட்டர் 55க்கு வந்துவிட்டது. எல்இடி பல்பு போட்டால் பயனில்லை, அதில் அந்தச் சூடு வராது. ஒயரிங்கை எலக்ட்ரீஷியன் வைத்துச் செய்யுங்கள், காகிதமும் சூடும் பக்கத்தில் இருக்கும் இடம். போட்டோ பேப்பர், ஸ்டிக்கர் ஷீட், சர்டிபிகேட் அட்டை இவற்றுக்கு இந்த பீரோதான் நிரந்தர இடம், ஜிப் கவரில் போட்டு. இங்க்ஜெட்டில் ஈரத் தாளில் மை நார் வழியே ஊர்ந்து எழுத்துக்கு மீசை முளைக்கும். பாஸ்போர்ட் போட்டோவில் அப்படி ஆனால் எந்த ஆபீஸிலும் வாங்க மாட்டார்கள்.

கெட்டுப்போன பேப்பர் சுமார் 90 ரீம், 21,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதை மீட்கலாமா என்று எல்லாம் செய்து பார்த்தேன். ஃபேன் கீழே விரித்தால் இன்னும் சுருண்டது. வெறும் தாளாக ஒரு முறை மெஷினில் ஓட்டினால் காய்கிறது, ஆனால் வளைந்து போகிறது, சாயங்காலத்துக்குள் மறுபடி குடித்துவிடுகிறது. அலையடித்த ஓரம் காய்ந்தாலும் தட்டையாவதில்லை. ஓரளவு தேறிய கட்டுகளைப் பல்பு பீரோவில் சில நாள் வைத்து, ஒரு பக்கம் மட்டும் எடுக்கும் நகல்களுக்குப் பயன்படுத்தினேன். சுருளும் தாளை ட்ரேயில் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் பல சமயம் ஜாம் குறைகிறது. பிரிண்டர் செட்டிங்கில் மெல்லிய தாள் என்று மாற்றினால் ஃப்யூசர் சூடு குறைந்து சுருளல் அடங்கும், ஆனால் ஈரத் தாளில் டோனர் இன்னும் மோசமாக உதிரும், அதனால் காய்ந்த தாளுக்கு மட்டும். மீதியை நாலாக வெட்டிக் குறிப்பு நோட்டாகத் தைத்து எஸ்டேட் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்தேன். பென்சிலுக்கு அலை ஒரு பொருட்டில்லை.

இப்போது இருபது பெட்டி வாங்குவதில்லை. பஸ்ஸில் கீழே போகும்போது தேவைக்கு இரண்டு பெட்டி, மழைக்காலத்தில் அதுவும் ஒன்று. ரீமுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் கூடத்தான் ஆகிறது. பலகை, பல்பு, மீட்டர், டப்பாக்கள் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. போன கோடையில் அம்மாப்பேட்டையில் பழைய சென்டரில் இருக்கும் தோழி போன் செய்து, ஏசிக்கு நேராக வைத்த பேப்பர் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு போகிறது, ரோலர் மாற்றச் சொல்கிறார்கள் என்றாள். அவளுக்கு நேர்மாறான நோய், காய்ந்துபோன தாளில் நிலைமின்னேற்றம். ஏசி காற்று படாத இடத்துக்கு மாற்று, கட்டைப் பிரித்ததும் நாலு ஓரமும் நன்றாக விசிறிவிட்டு ட்ரேயில் போடு, ரோலரை அப்புறம் பார்க்கலாம் என்றேன். ரோலர் இன்னும் மாற்றவில்லை, நன்றாகத்தான் ஓடுகிறதாம்.